நிவாரணப் பட்டியல் மோசடி விசாரணை: மேற்பார்வை அதிகாரிக்கு இனி என்ன வேலை?

29 மார்ச் 2025, வாசகர் கேள்வி

பதவி உயர்வில் விசாரணைப் பிரிவுக்கு மேற்பார்வையாளராகப் போகிறேன். ராமநாதபுரம் மாவட்டம், கடற்கரை ஊர்கள். மீனவர் நிவாரணப் பட்டியலில் போலிப் பெயர் இருக்கிறதா என்று விசாரிக்கும் வேலை. எனக்குக் கீழே நான்கு விசாரணை அலுவலர்கள். நண்பர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் இணைத்தாகிவிட்டது, போலிப் பெயரைக் கணினியே பிடித்துக் கொடுத்துவிடும், நீ கையெழுத்துப் போட்டால் போதும். இது உண்மையா? இந்த வேலையில் இருந்தவர்கள் சொல்லவும்.

30 மார்ச் 2025

பதினோரு வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. எந்தத் துறை என்று எழுத மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், பலர் நல்லவர்கள்.

கணினி காட்டுவது முரண்பாட்டை. ஒரே வங்கிக் கணக்கு இரண்டு பெயருக்கு, ஒரே கைபேசி எண் முப்பது பேருக்கு, இறப்புப் பதிவேட்டில் இருப்பவர் பயனாளிப் பட்டியலிலும் இருக்கிறார் என்பது போல. நாங்கள் ஒரு மாதம் உட்கார்ந்து தேடியதை டீ ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் அந்த முரண்பாடு எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது. ஒரே எண் முப்பது பேருக்கு இருந்தால், மீனவர் சங்கச் செயலாளர் தொகையை அமுக்குகிறார் என்று ஒரு பொருள். முப்பது வீட்டிலும் கைபேசி இல்லாத காலத்தில், விண்ணப்பம் திரும்பிவிடக் கூடாதே என்று தன் எண்ணைப் போட்டுக் கொடுத்தார் என்று இன்னொரு பொருள். இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஒரே ஊரில், அடுத்தடுத்த வருடத்தில், வேறு வேறு செயலாளர்களிடம்.

எது எது என்று பிரிப்பது கீழே உள்ள நான்கு பேரின் வேலை. அவர்கள் உண்மையிலேயே போய்ப் பார்த்துப் பிரித்தார்களா, அறையில் உட்கார்ந்து பிரித்தார்களா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. உங்கள் கையெழுத்து விழுந்ததும் ஒரு வீட்டுக்குப் பணம் நிற்கும், ஓர் ஊழியருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போகும். அதற்குப் பிறகு யாரும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

முதல் வாரத்தில் இதைச் செய்யுங்கள். பழைய கோப்பு பத்து எடுத்து, வாக்குமூலங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். நான் போன புதிதில் ஒரு கோப்பில் பதினேழு பெண்களின் வாக்குமூலம் இருந்தது. பதினேழும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. கடைசி வரி, "படித்துப் பார்த்தேன், நான் சொன்னபடியே உள்ளது." அதற்குக் கீழே பதினொன்றில் இடது பெருவிரல் ரேகை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் எப்படிப் படித்துப் பார்த்தார்? எழுதிய அலுவலரைக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு நாளில் அறுபது பேரிடம் வாங்கச் சொன்னார்கள் சார், ஒன்றை எழுதிப் பார்த்து எழுதினேன் என்றார். கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி போதும், வழக்கு நீதிமன்றத்தில் நிற்காது. அதைவிடப் பெரிது, அந்தப் பதினேழு பேரும் என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன்.

31 மார்ச் 2025

நேற்று விட்டுப்போனது. வாக்குமூலத்தில் "மேற்படி நபர்" என்று ஒரு பெண் சொன்னதாக எழுதியிருந்தால் நிறுத்திப் படியுங்கள். கரையில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். "அது எங்க சின்னையா மகன்தான்" என்று அவர் சொல்லியிருப்பார். அதை "மேற்படி நபரை எனக்குத் தெரியும்" என்று மாற்றினால், சாட்சியும் குற்றம்சாட்டப்பட்டவரும் பங்காளிகள் என்ற செய்தி காணாமல் போகிறது. விசாரணையே அதில்தான் இருந்திருக்கும்.

3 ஏப்ரல் 2025

"ஐயாயிரம், எட்டாயிரத்துக்கு இத்தனை விசாரணையா, கோடிக்கணக்கில் தின்கிறவனைப் பிடியுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் நியாயம். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்த தொகை அது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பி வரும். மீனவ மகளிருக்கும் அதே கணக்கு. கடலுக்குப் போகாத ஒரு பெயரைச் சங்கத்தில் சேர்த்து, அந்தப் பெயருக்கு 1,500 ரூபாயைத் தானே கட்டிவிட்டால் ஒரு பெயருக்கு 3,000 லாபம். ஐம்பது பெயர் என்றால் ஒன்றரை லட்சம். வருடா வருடம் வரும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். ராமநாதபுரம் கடற்கரை எஸ்.பி.பட்டினத்திலிருந்து ரோச்மாநகர் வரை சுமார் 237 கிலோமீட்டர். தமிழகக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். எத்தனை சங்கம் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பைசா கூட அந்தப் பெயருக்கு உரியவர் கைக்குப் போகாது. பல நேரம் தன் பெயர் பட்டியலில் இருப்பதே அவருக்குத் தெரியாது. வங்கிப் புத்தகமும் ஏடிஎம் கார்டும் இன்னொருவரிடம் இருக்கும், கேட்டால் "கடனுக்கு ஈடாக வாங்கி வைத்திருக்கிறார்" என்பார். நாம் போய்ப் பிடிப்பது அந்தப் பெயரை. பணத்தைத் திரும்பக் கட்டு என்று தாக்கீது போவதும் அந்தப் பெயருக்கு.

2020இல் பி.எம்.கிசான், அதாவது விவசாயிகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை விவகாரம் ஞாபகம் இருக்கும். விவசாயியே இல்லாத ஐந்தரை லட்சம் பேர் வரை தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் வெளியே போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் அதிகம். வேளாண் அலுவலகத்து உள்நுழைவுச் சொல் ஒப்பந்த ஊழியர்கள் வழியாகத் தரகர்கள் கைக்குப் போனது, கணினி மையங்களில் உட்கார்ந்து பெயர் பெயராக ஏற்றினார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, பலர் கைதானார்கள். ஆனால் கிராமத்தில் நடந்தது என்ன? "கொரோனா பணம் வருது, ஆதார் கொடு" என்று யாரோ சொன்னதை நம்பிக் கொடுத்தவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. கணினி அங்கேயும் இருந்தது. கணினிக்குள் கையை விட்டது மனிதன்.

7 ஏப்ரல் 2025

நேற்று புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள். வேலையோடு இதற்குத் தொடர்பு இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். 1914இல் கட்டிய பழைய பாலத்தில் எத்தனை முறை இந்தக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். ரயில் பாலத்தில் ஊர்ந்து போகும்போது இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா தட்டையாகக் கிடக்கும், தெற்கே மன்னார் வளைகுடா புரண்டுகொண்டிருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் கோப்பை மூடிவிட்டு, இன்றைக்கு யாரிடம் முதலில் பேசுவது என்று மட்டும் யோசிப்பேன். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் ஓடுவது நின்றுபோனது, நான் ஓய்வு பெற்ற வருடம்.

சரி, வேலைக்கு வருகிறேன். "இறந்தவர் பேரில் பணம் எடுத்த கேஸ் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மோசடிதானே" என்று கேட்டவருக்கு: இல்லை. புருஷன் இறந்து ஒரு வருடம், பெயர் மாற்றிக் கொடுக்கவில்லை, மனைவி அவர் கார்டிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குடும்பம் இன்னும் கடலை நம்பி இருக்கிறது, மகன் வள்ளத்தில் போகிறான். குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம் குடும்பத்துக்கே சேர்ந்தது. அதற்கு நான் எழுதியது "பெயர் மாற்றம் செய்து கொடுக்கலாம்". இன்னொரு ஊரில் இறந்த ஆறு பேரின் கார்டும் ஒரே கமிஷன் கடை மேஜை இழுப்பறையில் இருந்தது, ரப்பர் பேண்டு போட்டு. அதற்கு எழுதியது வேறு. கணினிப் பட்டியலில் இந்த ஏழும் ஒரே நிறத்தில்தான் இருந்தன.

15 ஏப்ரல் 2025

இன்று தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை, 61 நாள். 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017இலிருந்து 61. ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் பக்கத்துக்குப் பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும். விசாரணைக்காரனுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆள் கரையில் இருப்பார், படகு கரையில் இருக்கும், பேச நேரமும் இருக்கும்.

வரி விலக்கு டீசலில் நடக்கும் மோசடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். விசைப்படகுக்கு விற்பனை வரி விலக்கோடு வருடத்துக்கு 19,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். இரண்டும் அதே மண்டபம் மாநாட்டில் உயர்த்திய அளவு. கடலுக்குப் போகாத படகுக்கும் எடுத்து வெளியே லாரிக்காரரிடம் விற்றால் வரித் தொகை முழுக்க லாபம். இதைப் பிடிக்க நான் பழகிய வழி மூன்று பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரிப்பது: டீசல் கொடுத்த பதிவேடு, கடலுக்குப் போக டோக்கன் கொடுத்த பதிவேடு, புயல் எச்சரிக்கையால் டோக்கன் நிறுத்திய நாட்களின் பட்டியல். டோக்கனே கொடுக்காத நாளில் ஒரு படகு டீசல் எடுத்திருந்தால் அங்கே விரலை வைக்கலாம்.

படகைக் கண்ணால் பார்ப்பதும் முக்கியம். பதிவெண் பெயிண்டில் எழுதியது, யாரும் எழுதலாம். ஒரு முறை ஒரு படகின் பக்கவாட்டில் எண் புதுசாகப் பளிச்சென்று இருந்தது, பலகை பழசு. கையால் தடவிப் பார்த்தேன். புதுப் பெயிண்டுக்கு அடியில் வேறு எண்ணின் விளிம்பு மேடாகத் தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. இறங்கி எஞ்சின் எண்ணைப் பார்த்தோம். அது இன்னொரு படகின் எஞ்சின். பதிவேட்டில் இரண்டு படகு டீசல் வாங்கிக்கொண்டிருந்தது, தண்ணீரில் ஒன்றுதான் மிதந்தது.

17 ஏப்ரல் 2025

திருத்தம். படகு டிரைவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "டோக்கன் இல்லாத நாளில் டீசல் அடித்தால் தப்பு என்று எழுதாதீங்க அண்ணே. புயல் எச்சரிக்கையை எப்ப திரும்ப எடுப்பாங்கன்னு தெரியாது. எடுத்த அன்னைக்கே எல்லாரும் ஒரே நேரத்துல டீசல் பங்குக்குப் போனா வரிசை நிக்கணும். அதனால முந்தியே அடிச்சு வச்சுருவோம்."

அவர் சொல்வது சரி. நான் எழுதிய விதம் தப்பு. ஒரு நாளை மட்டும் வைத்து யாரையும் பிடிக்கக் கூடாது, நானும் அப்படிப் பிடித்ததில்லை, ஆனால் எழுதும்போது அப்படித் தோன்றும்படி எழுதிவிட்டேன். பார்க்க வேண்டியது மாதக் கணக்கு. அந்த மாதம் எத்தனை டோக்கன், எத்தனை லிட்டர். ராமேஸ்வரத்தில் விசைப்படகு வாரத்தில் எல்லா நாளும் போவதில்லை, நாட்டுப்படகோடு நாள் பிரித்துக்கொண்டு போகிறார்கள். பன்னிரண்டு முறை போகக்கூடிய மாதத்தில் மூன்றே டோக்கன், டீசல் மட்டும் முழு அளவு, இது நான்கைந்து மாதம் தொடர்கிறது என்றால் போய்க் கேளுங்கள். அப்போதும் முதலில் கேளுங்கள்.

டிரைவர் தம்பிக்கு நன்றி. புதிதாகப் போகிறவர் இதைக் கவனிக்கவும். கரையில் ஒரு பழக்கத்துக்குக் காரணம் தெரியாமல் அதைக் குற்றமாக எழுதிவிடுவது ரொம்ப சுலபம்.

26 ஏப்ரல் 2025

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவன் போல நிற்கும்.

மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு கிராமம். பெண்கள் கடல்பாசி எடுப்பவர்கள். தீவுப் பக்கம் வள்ளத்தில் போய், இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் முங்கி, பாறையைப் பிடித்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். அந்த ஊர் மகளிர் சங்கத்தில் போலிப் பெயர் இருக்கிறது என்று மனு வந்தது. பயனாளிகளை ஆதார் ரேகை வைத்துச் சரிபார்க்கச் சொன்னோம். 41 பேருக்கு ரேகை பொருந்தவில்லை. விசாரணை அலுவலர் இரண்டு முறை ஊருக்குப் போனார். ஜீப்பைப் பார்த்ததும் பெண்கள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார்கள் என்று எழுதினார். "41 பேரும் போலி அல்லது ஆள்மாறாட்டம் எனத் தெரிய வருகிறது, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை, தொகையை நிறுத்தி வைக்கலாம்." எண், தேதி, இணைப்பு எல்லாம் சுத்தமான அறிக்கை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் மேஜைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்த ஊர் வழியாகப் போனேன். டீக்கடையில் நின்றேன். பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஓர் அம்மா, அறுபது வயது இருக்கும், கடைத் திண்ணையில் உட்கார்ந்து விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகக் கிழிசல் சேலைத் துண்டு, மேலே பழைய டியூப் ரப்பர். பத்து விரலும் அவிழ்த்து முடிக்க டீ ஆறிவிட்டது. உள்ளே விரல் நுனிகள் வெளுத்து, ஊறி, பாறையில் கீறிய கோடு கோடாக இருந்தன. ரேகை இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பு.

எனக்கு அப்போதுதான் தட்டியது. "அம்மா, ரேசன் கடையில, பேங்க்ல எல்லாம் கை வச்சா எடுக்குதா?" என்று கேட்டேன். "எங்க யாருக்குமே எடுக்காதுய்யா" என்றார். சாதாரணமாகச் சொன்னார். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. எங்கள் கோப்பில் மட்டும் இல்லை.

27 ஏப்ரல் 2025

நேற்று பாதியில் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது, அடுத்த பகுதியை எழுத முடியவில்லை.

அந்தப் பெண்கள் ஜீப்பைப் பார்த்து ஏன் ஓடினார்கள் என்றும் அன்றுதான் தெரிந்தது. அந்த 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் பாசி எடுத்தால் வனத்துறை பிடிக்கும் என்ற பயம் அவர்களுக்குத் தலைமுறையாக இருக்கிறது. ஜீப் என்றால் அபராதம். நாங்கள் வேறு துறை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் அலுவலர் அந்த ஓட்டத்தைக் குற்ற உணர்வு என்று படித்தார். நான் அவர் எழுதியதைப் படித்தேன். இரண்டு பேரும் அந்த விரல்களைப் பார்க்கவில்லை.

கோப்பைத் திரும்ப எடுத்தேன். ஆதாரில் பத்து விரல் மட்டுமா இருக்கிறது, இரண்டு கருவிழியும் இருக்கிறது. கருவிழி எடுக்கும் கருவி ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு, ஜீப்பை விட்டுவிட்டுப் பேருந்தில் போனோம். சாயங்காலம், அவர்கள் கரையேறிக் குளித்துச் சாப்பிட்ட பிறகு, கோயில் திண்ணையில் வைத்துச் செய்தோம். 41இல் 38 பேர் சரியான ஆட்கள். முகத்தோடும் கண்ணோடும் முன்னால் வந்து நின்றார்கள்.

மீதி மூன்று வரவே இல்லை. அந்த மூன்றும்தான் உண்மையான போலி. சேமிப்புப் பதிவேட்டை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பாசிப் பெண்கள் கட்டிய பணம் மாதாமாதம், ஒரு மாதம் நூறு, ஒரு மாதம் இருநூறு, காற்றடிக்கிற மாசத்தில் விட்டுப்போய், அடுத்த மாதம் சேர்த்துக் கட்டியது. வேலை இருந்ததும் இல்லாததும் அந்தத் தொகையிலேயே தெரியும். இந்த மூன்று பெயருக்கு மட்டும் 1,500 ரூபாய் ஒரே நாளில், ஒரே சலானில், ஒரே கையெழுத்தில். கணினி 41 என்றது. பதிவேடு மூன்று என்று முதல் நாளே சொல்லிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பெயர்களைச் சேர்த்தவருக்கு ஊர்ப் பெண்களின் ரேகை விழாது என்று நன்றாகத் தெரியும். அந்தக் கூட்டத்துக்குள் மூன்று பேரை ஒளித்து வைத்திருந்தார்.

38 பேருக்கும் பணம் போய்ச் சேர மொத்தம் ஏழு மாதம் ஆனது. நடுவில் அவர்கள் வட்டிக்கு வாங்கினார்கள். அந்த வட்டியை எந்த உத்தரவாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. எழுதிய அலுவலர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்கள். மறுத்தேன். அறிக்கை அவருடையது, முடிவு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அது கோப்பில் இன்னும் இருக்கும்.

28 ஏப்ரல் 2025

"உங்கள் மேல் நடவடிக்கை வந்ததா?" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அதோடு முடிந்தது.

11 மே 2025

மொட்டை மனு பற்றிக் கேட்டவருக்கு. பெயர் இல்லாத மனு மேல் நடவடிக்கை வேண்டாம் என்பதுதான் பொதுவான நிலை, நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு முறை படித்துவிடுவேன். யார் எழுதியது என்று தேட அல்ல. அதில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு செய்தியாவது இருக்கிறதா என்று பார்க்க. "அவன் ஊழல் பேர்வழி, சொத்து குவித்துவிட்டான்" என்றால் அது கோபம். "மார்ச் மாத சலானில் 14 பெயரும் ஒரே கையெழுத்து" என்றால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒருவர் பயந்துகொண்டே எழுதியது. சலானை வழக்கமான தணிக்கையில் எடுத்துப் பார்த்தால் போயிற்று, மனுவைத் தொடவே வேண்டாம்.

தேர்தல் நேரத்து மனுவையும் சங்கத் தேர்தல் நேரத்து மனுவையும் தனியாக வையுங்கள். பதவிக்குப் போட்டி நடக்கும்போது எழுதப்படும் மனுவில் பாதி உண்மை இருக்கும், மீதிப் பாதியை நம் கையால் முடிக்கப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, பதினேழு பி, அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி. குற்றச்சாட்டு 17(ஏ)வா 17(பி)யா என்று பரிந்துரைப்பதில் உங்கள் கை இருக்கும். அலுவலகத்தில் "பி போட்டுவிடலாம் சார், பிறகு அவரே நிரூபித்துக்கொள்ளட்டும்" என்பார்கள். ஏ என்றால் சிறிய தண்டனையோடு முடியும், பி என்றால் பெரிய தண்டனை வரை போகும் நடவடிக்கை. அது நிலுவையில் இருக்கிற வரைக்கும் பதவி உயர்வு கிடையாது. ஓய்வு நாள் வந்தும் ஓய்வு கிடைக்காமல் தொங்கவிட்டதும் உண்டு. நிரூபித்துக்கொள்ள அவருக்கு ஐந்து வருடம் பிடிக்கும். மகள் கல்யாணம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எனவே ஒரு பரிந்துரை எழுதும் முன் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி: பணம் இவர் கைக்குப் போனதா, இவர் கவனிக்காமல் விட்டாரா? இரண்டும் தப்புதான். ஆனால் ஒன்றல்ல.

12 மே 2025

திருவாடானைப் பக்கத்து விவசாயி ஒருவர், எங்கள் பயிர்க் காப்பீட்டையும் கொஞ்சம் எழுதுங்கள் என்கிறார். கடற்கரைதான் என் வேலை, இது அதிகம் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பத்து வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற நிலத்துக்கு நெல் விதைத்ததாக அடங்கல், அதாவது கிராமப் பயிர்க் கணக்கு. அந்த மேஜைக்காரர் நேரில் போய் கருவேலத் தூரின் தடிமனைப் பார்த்தார். கணுக்கால் அளவு இல்லை, தொடை அளவு. போன புரட்டாசியில் உழுத நிலத்தில் தொடை அளவு கருவேலம் நிற்காது. அதைப் படம் எடுத்து வைத்தார், அவ்வளவுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதே கிராமத்தில் உண்மையாக விதைத்து, மழை பொய்த்து, தரிசு போலக் காய்ந்து கிடந்த நிலமும் இருந்தது. தை மாசம் போய்ப் பார்த்தால் விதைக்காத நிலம் போலவே இருக்கும். அங்கே அவர் மண்ணைக் கிளறி விதைத்த உழவுச் சாலின் தடத்தைத் தேடினார். இந்த மாவட்டத்து வானம் பார்த்த பூமியில் கண்ணுக்குத் தெரிகிற காய்ச்சலை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று எழுதக் கூடாது.

2 ஜூன் 2025

அடுப்பு எண்ணுவது என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கேயோ ஒரு பதிலில் சொல்லிவிட்டு விளக்காமல் விட்டேன் போல.

நிவாரணம் குடும்பத்துக்கு ஒன்று. ஒரே வீட்டு எண்ணில் மூன்று ரேசன் கார்டு இருந்தால் கணினி சிவப்புக் கோடு போடும். ஒரு வீட்டைச் செயற்கையாக மூன்றாகப் பிரித்து மூன்று தொகை வாங்குவதும் நடக்கிறது. ஆனால் கடற்கரையில் இடம் இல்லை. அண்ணன், தம்பி, கல்யாணமான மகன் எல்லோரும் ஒரே கதவு எண்ணுக்குள் தடுப்பு போட்டு இருக்கிறார்கள், மூன்று பேரும் மூன்று சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) கடலுக்குப் போகிறார்கள், மூன்று பங்கு, மூன்று கடன். அதைக் காகிதத்தில் பார்க்க முடியாது. உள்ளே போய் எத்தனை உலை கொதிக்கிறது என்று பாருங்கள். மூன்று அடுப்பு, மூன்று உப்புச் சாடி, மூன்று இடத்தில் அரிசி இருந்தால் அது மூன்று குடும்பம். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என்னிடம் வேலை பார்த்த பெண் அலுவலர். நான் பத்திரம் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன், அவர் "அக்கா, தண்ணி குடுங்க" என்று சமையல்கட்டுக்குப் போய்விடுவார். உங்கள் நான்கு பேரில் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

15 ஜூன் 2025

கேள்வி கேட்டவர் பணியில் சேர்ந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார். முதல் வாரமே மேஜைக்கு ஓர் அறிக்கை, ரேகை பொருந்தாத 23 பேர், "தொகையை நிறுத்தி வைக்கலாம்." கையெழுத்துக்காகக் காத்திருக்கிறதாம். என்ன செய்யட்டும் என்கிறார்.

எந்த ஊர் என்று பாருங்கள். பாசி எடுக்கும் ஊரா, கரைவலை இழுக்கும் ஊரா? கயிறு இழுக்கிற கைக்கும் ரேகை இருக்காது. 23 பேரின் வயதைப் பாருங்கள். சேமிப்புப் பதிவேட்டை மூலத்தோடு வரவழையுங்கள், நகல் வேண்டாம், மையின் நிறம் நகலில் தெரியாது. அறிக்கை எழுதியவரைத் திட்டாதீர்கள், கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். கருவிழிக் கருவி மாவட்டத்தில் யாரிடமாவது இருக்கும், கேட்டால் தருவார்கள்.

தடை முடிந்துவிட்டது, ஆண்கள் கடலுக்குப் போகத் தொடங்குவார்கள், இனி பகலில் போனால் பெண்கள்தான் இருப்பார்கள். பாசிக்குப் போகிறவர்கள் என்றால் அவர்களும் இருக்க மாட்டார்கள். நாலு மணிக்கு மேல் போங்கள். பேருந்தில் போங்கள்.

மார்ச்சில் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் அந்த டீக்கடை அம்மாவைப் பார்த்தேன், கண்ணாஸ்பத்திரிக்கு வந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. நிவாரணமெல்லாம் ஒழுங்காக வருதாம்மா என்றேன். "இப்ப வருதுய்யா. அந்த ஒரு வருசம்தான் ஏழு மாசம் ஆச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாதத்தை மட்டும் சரியாகச் சொன்னார்.